காலாவதியான கணிப்பொறியை என்ன செய்வது?

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி மாலை, எங்கள் கல்லூரி இயற்பியல் துறையின் அலுவலக உதவியாளர் என் அறைக்கு வந்து நின்றார். முகத்தில் கவலை தெரிந்தது.

“சார், நம்ம கம்ப்யூட்டர் இன்னியோட காலாவதியாம். திரையிலேயே எழுதி வருது. நாளைக்கு ஆன் ஆகுமா சார்? இன்டர்னல் மார்க்கெல்லாம் அதுலதான் இருக்கு” என்றார்.

“நாளைக்கும் ஆன் ஆகும், அடுத்த வருஷமும் ஆகும். பயப்படாம வீட்டுக்குப் போங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அது வழக்கம் போலவே ஓடியது. அதே திரை, அதே வேகம், அதே மதிப்பெண் பட்டியல். ஆனால் நான் சொன்ன பதில் பாதிதான் சரி என்பது எனக்கே தெரியும். ஒன்றுமே மாறவில்லையென்றால் அன்று முடிந்து போனது என்ன? அந்த மீதிப் பாதியைத்தான் இக்கட்டுரையில் உங்களுடன் சேர்ந்து பார்க்கப் போகிறேன். உங்களில் பலருடைய வீட்டிலும் பள்ளியிலும் இதே கேள்வி எழுந்திருக்கும் அல்லவா?

நின்று போனது எது?

கணிப்பொறியின் பெட்டியைத் திறந்தால் உள்ளே மின்சுற்றுகள்தாம் தெரியும். விசைப்பலகையில் ‘அ’ என்று தட்டியதும் அது திரையில் தோன்றுகிறது. சேமி என்றதும் வன்தட்டில் போய் அமர்கிறது. இந்தச் சுற்றுகளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் பெரிய நிரல்தொகுதிக்கு இயங்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ், கைப்பேசியிலுள்ள ஆண்ட்ராய்டு ஆகியவை நீங்கள் அறிந்த இயங்குதளங்கள். கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்டவை இவை.

அத்தனை வரிகளையும் எழுதியவர்கள் மனிதர்கள். எனவே பிழைகள் இருந்தே தீரும். சில பிழைகளால் பெரிய தீங்கில்லை. ஒரு பொத்தான் சரியாக வேலை செய்யாது, அவ்வளவுதான். வேறு சில பிழைகளோ திருடன் நுழையும் ஓட்டைகளாகி விடுகின்றன. அது எப்படி?

ஒரு வருகைப் பதிவேட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு 40 வரிகள். வெளியிலிருந்து வரும் பெயர்களை வரிசையாக எழுதும்படி ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். ‘40 ஆனதும் நிறுத்திவிடு’ என்று சொல்ல மறந்துவிட்டோம். இதைத் தெரிந்துகொண்ட ஒருவன் வேண்டுமென்றே 45 பெயர்களை அனுப்புகிறான். கடைசி ஐந்தும் அடுத்த பக்கத்தில் போய் விழும். அந்த அடுத்த பக்கம் தலைமையாசிரியர் உத்தரவுகளை எழுதிவைக்கும் பக்கமாக இருந்தால்? அவன் அனுப்பிய ஐந்தும் பெயர்களாக இல்லாமல், ‘இவனிடம் சாவியைக் கொடுத்துவிடு’ என்ற சொற்களாக இருந்தால்? காவலாளி அதைத் தலைமையாசிரியரின் உத்தரவு என்று நம்பிச் சாவியைக் கொடுத்துவிடுவார். கணிப்பொறியின் நினைவகத்திலும் இவ்வாறே நடக்கிறது. ஒதுக்கிய இடத்தை மீறி எழுதவிட்டதால் உண்டான ஓட்டைகள் கணிப்பொறி வரலாற்றில் ஏராளம்.

இத்தகைய ஓட்டை தெரியவந்ததும் இயங்குதளத்தைச் செய்தவர்கள் அதை அடைக்கும் சிறு நிரலை அனுப்புகிறார்கள். கிழிந்த சட்டைக்குப் போடும் ஒட்டைப் போன்றது என்பதால் அதற்குப் பேட்ச் என்று பெயர் வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2003ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இந்த ஒட்டுகளை வெளியிட்டு வருகிறது. ‘ஆதரவு’ என்று சொல்லப்படுவதில் முக்கியமான பகுதி இதுவே. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடும், 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடும், 2015இல் வந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடும் வழக்கமான ஆதரவு நின்றது. நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். மூன்றுமே அந்தந்த மாதத்தின் இரண்டாம் செவ்வாய்தான்.

ஏன் நிறுத்துகிறார்கள்? ஒவ்வொரு ஒட்டையும் பலவகைக் கணிப்பொறிகளில் சோதித்துப் பார்க்க வேண்டும். பத்து, பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய தளத்துக்கும் இதைச் செய்துகொண்டிருக்க ஆட்கள் வேண்டும், செலவாகும். புதியதை விற்க வேண்டும் என்ற வியாபார நோக்கமும் இதில் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

துருப்பிடிக்காத பொருள் எப்படிப் பழுதாகும்?

இரும்பு துருப்பிடிக்கும். மாத்திரை நாள்பட வீரியம் இழக்கும். நிரலோ வெறும் எண்களின் வரிசை. 2001இல் எழுதிய வரி இன்றும் அதே வரிதான். அப்படியிருக்க அது காலாவதியாகிறது என்று சொல்வது பொருந்துமா?

இயற்பியலில் ‘தனித்த அமைப்பு’ என்று ஒன்றைப் படிப்போம். சுற்றுப்புறத்துடன் பொருளையோ ஆற்றலையோ பரிமாறிக்கொள்ளாத அமைப்பு அது. எதற்கும் இணைக்கப்படாமல் ஒரு மூலையில் ஓடும் கணிப்பொறியைச் செய்தியளவில் தனித்த அமைப்பு எனலாம். அதற்குள் உள்ள ஓட்டைகள் முதல்நாள் எத்தனையோ, இருபது ஆண்டு கழித்தும் அத்தனையே. ஆனால் இணையத்தில் இணைத்த கணிப்பொறி ஒரு திறந்த அமைப்பு. அதன் சுற்றுப்புறம் நாள்தோறும் மாறுகிறது. நிரல் அப்படியே இருக்க, அதைப் பற்றித் திருடர்களுக்குத் தெரிந்த செய்தி மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

இதில் வேடிக்கையான ஒரு திருப்பமும் உண்டு. புதிய இயங்குதளம் பழையதன் பல பகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு எழுதப்படுகிறது. ஆகவே ஒரே ஓட்டை இரண்டிலும் இருக்கக்கூடும். புதியதற்கு ஒட்டு வெளியானதும், ஒட்டு போடுவதற்கு முன்னும் பின்னும் உள்ள நிரலை ஒப்பிட்டுப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது புலனாகிவிடும். நோயைத் தீர்க்கும் மருந்தே, மருந்து கிடைக்காதவனின் நோய் இன்னது என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறது! ஆதரவு நின்ற தளம் முன்னைவிட ஆபத்தான நிலைக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2017 மே 12

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. அமெரிக்க உளவு நிறுவனம் ஒன்று உருவாக்கி இரகசியமாக வைத்திருந்ததாகக் கூறப்படும் ஓர் ஊடுருவல் கருவி களவு போய், 2017 ஏப்ரல் மாதம் இணையத்தில் பகிரங்கமாக வெளியிடப்பட்டது. விண்டோஸ் கணிப்பொறிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி அது. நாம் பார்த்த பதிவேட்டுப் பிழையின் உறவுக்காரன்தான் இந்த ஓட்டையும்.

மே 12ஆம் தேதி, வான்னாகிரை என்ற நச்சுநிரல் இந்த வழியே பரவத் தொடங்கியது. யாரும் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. வலையமைப்பில் ஒரு கணிப்பொறிக்கு வந்தால் பக்கத்துக் கணிப்பொறிக்குத் தானே தாவும். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் பெறுமான பிட்காயின் தா என்று திரையில் கேட்கும். ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் உள்ள 236 மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 80 பாதிப்புக்கு உள்ளாயின. நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த முன்பதிவுகள் ஆயிரக்கணக்கில் இரத்தாயின. ஐந்து மருத்துவமனைகள், அவசர ஊர்திகளை வேறிடங்களுக்குத் திருப்பிவிட நேர்ந்தது. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர், அந்த நிரல் ஒரு விசித்திரமான இணைய முகவரி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதைக் கவனித்து, அம்முகவரியைத் தம் பெயரில் பதிவு செய்தார். முகவரி கிடைத்ததும் நிரல் பரவுவதை நிறுத்திக்கொண்டது!

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஓட்டைக்கான ஒட்டு, தாக்குதலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ஆம் தேதியே வெளியாகியிருந்தது. ஆதரவு நின்று போன எக்ஸ்.பி.க்கு அது பொதுவில் கிடைக்கவில்லை. தாக்குதல் தொடங்கிய பின்னரே விதிவிலக்காக எல்லாருக்கும் தந்தார்கள். எனவே பாதிக்கப்பட்டவை எல்லாம் எக்ஸ்.பி.யாகத்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. பாதிப்புக்கு உள்ளானவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவு இருந்தது, ஒட்டும் வந்திருந்தது. போட்டுக்கொள்ளத்தான் இல்லை. ‘பிறகு பார்க்கலாம்’ என்று நாம் தள்ளிவிடும் அந்தச் சிறு அறிவிப்பின் கதை இதுதான்.

ஆகவே பழையதா புதியதா என்பது மட்டும் கேள்வி அன்று. இந்தக் கணிப்பொறிக்குள் வெளியிலிருந்து எது எது நுழைகிறது, நுழைந்து கெடுத்தால் எதை இழப்போம், இந்த இரண்டையும் முதலில் கேட்க வேண்டும். எங்கள் துறையில் அப்போது பழைய கணிப்பொறிகள் இரண்டு இருந்தன. மாணவர் ஒருவர் மூன்றாவதையும் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் விடை வேறு வேறாகவே அமைந்தது.

அலுவலகக் கணிப்பொறி

இது 2016இல் வாங்கியது. காலை முதல் மாலை வரை இணையத்தில் இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் அனுப்புவதும், மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்ப்பதும் இதில்தான். எது நுழைகிறது என்றால் எல்லாமே நுழைகிறது; எதை இழப்போம் என்றால், ஒரு வகுப்பின் எதிர்காலத்தையே. எனவே இதை அப்படியே விட்டுவைக்க முடியாது என்பதில் ஐயமில்லை.

விண்டோஸ் 11க்கு மாற்றலாமே என்பீர்கள். மாறாது. 2021இல் வந்த அத்தளம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், குறிப்பிட்ட பட்டியலில் உள்ள செயலியையும் கேட்கிறது. இன்டெல் செயலியானால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். எங்களுடையது ஆறாம் தலைமுறை. இரகசியச் சாவிகளைத் தனிச் சில்லில் பூட்டி வைப்பது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் பழுதின்றி ஓடும் எத்தனையோ இயந்திரங்களை இந்த ஒரு நிபந்தனை ஓரங்கட்டிவிட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நிபந்தனையை ஏமாற்றி நிறுவும் வழிகளை இணையத்தில் சொல்வார்கள். வீட்டில் விளையாட்டுக்குச் செய்து பார்க்கலாம். மதிப்பெண் இருக்கும் கணிப்பொறியில் கூடாது.

தற்காலிக வழியும் ஒன்றிருந்தது. விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஒட்டுகளை, வீட்டுப் பயனாளிகள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நிறுவனங்களுக்குக் கட்டணத்தின் பேரில் மூன்றாண்டு வரை. கல்வி நிலையங்களுக்குச் சலுகை விலை. நிதியாண்டு முடியும் வரை சமாளிக்க நாங்கள் இந்த வழியைத்தான் கேட்டோம், கிடைத்தது.

பிறகு புதிய கணிப்பொறி வந்தது. வந்த பின்தான் நாங்கள் எதிர்பாராத ஒரு சிக்கல் முளைத்தது. பதினைந்து ஆண்டு வினாத்தாள்கள் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தன. ‘கெ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிறபடி முதலில் கொம்பு, பிறகு ககரம் என்று சேமிக்கப்படும். யூனிகோடில் முதலில் ககரம், பிறகு கொம்பு. ஆக, எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். மாற்றி நிரலைக் கொண்டு மாற்றி, மாணவர் இருவர் ஒரு மாதம் உட்கார்ந்து பிழைதிருத்தினார்கள். நமது ஊர் அச்சகங்கள் பலவற்றில் பழைய கணிப்பொறியை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதற்கில்லை.

ஆய்வகக் கணிப்பொறி

இப்போது என் மனத்துக்கு நெருக்கமானதற்கு வருகிறேன். எங்கள் ஆய்வகத்தில் புற ஊதா, கட்புல நிறமாலைமானி ஒன்று இருக்கிறது. ஒரு கரைசல் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று வரைந்து காட்டும் கருவி. அதை இயக்கும் கணிப்பொறியில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்.பி. ஆம், 2014இல் ஆதரவு நின்று போன அதே எக்ஸ்.பி.தான்!

ஏன் மாற்றவில்லை? கருவிக்கும் கணிப்பொறிக்கும் நடுவே, பெட்டிக்குள் செருகிய ஓர் இணைப்பு அட்டை உள்ளது. அந்த அட்டையின் மொழியை இயங்குதளத்துக்குப் பெயர்த்துச் சொல்லும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவர் எக்ஸ்.பி.க்காக மட்டுமே எழுதப்பட்டது. கருவியை விற்றவர்களிடம் கேட்டோம். புதிய டிரைவர் இல்லை, புதிய கருவி இருக்கிறது என்றார்கள். அதன் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். எங்கள் கருவியின் விளக்கும் ஒளியியல் பகுதிகளும் நன்றாகவே இருக்கின்றன. ஒரு சிறு நிரல் இல்லாததற்காகக் கருவியையே எடைக்குப் போடுவதா?

வைத்துக்கொண்டோம். ஆனால் வைத்துக்கொண்ட முறை தவறு. அதற்கு 2015இல் விலை கொடுத்தோம்.

இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டதால் இனி ஆபத்தில்லை என்று நான் நம்பியிருந்தேன். மாணவர்கள் அளவீடுகளைப் பென் டிரைவில் எடுத்துப் போவார்கள். அதே பென் டிரைவை வெளியே அச்செடுக்கும் கடையிலும் செருகுவார்கள். ஒரு நாள் ஆய்வுக் கோப்புகள் இருந்த இடத்தில் வெறும் குறுக்குவழிக் குறிகள் மட்டும் நின்றன. நச்சுநிரல்! பதற்றத்தில், சுத்தம் செய்கிறேன் என்று வன்தட்டை முழுதாக அழித்து எக்ஸ்.பி.யை மறுபடி நிறுவினேன். அந்த வகை நச்சுநிரல் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்து மட்டும் வைக்கிறது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். அழித்தவன் நான்தான்.

வெள்ளி நானோ துகள்களைப் பற்றி ஆய்வு செய்த மாணவி ஒருவரின் மூன்று மாத அளவீடுகள் அதில் போயின. திரும்ப அளந்தால் போயிற்று என்று நினைக்காதீர்கள். வெள்ளி நானோ துகள் கரைசல் 400 நானோமீட்டரை ஒட்டிய நீல ஊதா ஒளியை உறிஞ்சும். அதனால்தான் அது மஞ்சளாகத் தெரிகிறது. நாள் ஆக ஆகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, அந்த முகடு நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்ந்து விரிந்துவிடும். எப்படி நகர்கிறது என்பதே அவர் ஆய்வு. முதல் நாள் அளவை மூன்று மாதம் கழித்து எங்கே போய் எடுப்பது? கரைசலைப் புதிதாகத் தயாரித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இணையமில்லாத கணிப்பொறிக்குள் பென் டிரைவ் வழியே நுழைய முடியும் என்பதற்கு உலகறிந்த சான்று 2010இலேயே வந்துவிட்டது. ஈரானின் நத்தான்சு யுரேனியச் செறிவூட்டு நிலையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட், பென் டிரைவ் மூலமும் பரவும் வகையில் எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்திருந்தும், நமது சிறிய ஆய்வகத்துக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு என்ன செய்தோம் தெரியுமா? மிகப் பழைய வழி ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அக்கணிப்பொறியின் பின்புறம் ஒன்பது ஊசிகள் கொண்ட தொடர் இணைப்பு முனை இருந்தது. ஆர்.எஸ். 232 என்னும் இந்த முறை 1960இல் வகுக்கப்பட்டது. இதில் அனுப்பும் கம்பி வேறு, பெறும் கம்பி வேறு. மூன்றாம் ஊசியில் செய்தி வெளியே போகும். இரண்டாம் ஊசியில் உள்ளே வரும். ஐந்தாவது புவி இணைப்பு. நாங்கள் இரண்டே கம்பிகளைப் பற்றவைத்தோம். ஆய்வகக் கணிப்பொறியின் மூன்றாம் ஊசியிலிருந்து மறுபக்கக் கணிப்பொறியின் இரண்டாம் ஊசிக்கு ஒன்று. புவி இணைப்புக்கு ஒன்று. உள்ளே வரும் கம்பியை இணைக்கவே இல்லை. டையோடு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுவதைப் போல, இந்தக் கம்பி செய்தியை ஒரு திசையில் மட்டும் விடும். எவ்வளவு கெட்டிக்காரத் திருடனானாலும், இல்லாத கம்பியின் வழியே வர முடியாது அல்லவா? யு.எஸ்.பி. துளைகளை, சுட்டெலிக்கும் விசைப்பலகைக்கும் உரியவை போக, அடைத்துவிட்டோம்.

வேகம் போதுமா என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு 9600 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்துப் பத்து பிட் என்றால், நொடிக்கு 960 எழுத்துகள். 200 முதல் 800 நானோமீட்டர் வரை ஒரு நானோமீட்டர் இடைவெளியில் அளந்தால் 601 புள்ளிகள். புள்ளிக்கு 16 எழுத்து என்று வைத்தால் 9616 எழுத்துகள். பத்து நொடியில் ஒரு நிறமாலை போய்ச் சேர்ந்துவிடும்.

இதில் ஒரு குறை உண்டு. வந்து சேர்ந்ததா என்று கேட்க வழியில்லை. பதில் வரும் கம்பிதான் இல்லையே! எனவே ஒவ்வொரு கோப்பையும் இரண்டு முறை அனுப்பி, மறுபக்கம் இரண்டையும் ஒப்பிடுகிறோம். கடிகாரமும் இணையத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள முடியாததால் மாதம் ஒருமுறை கையால் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. வன்தட்டு முழுவதையும் அப்படியே பிரதி எடுத்து இன்னொரு வன்தட்டில் வைத்திருக்கிறோம். இத்தனை சிரமத்துக்கும் இந்தக் கருவி தகும் என்பது என் கணக்கு. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. வங்கிகளின் பணம் வழங்கும் இயந்திரங்களை இப்படித் தனியே பிரித்து வைக்க முடியுமா? முடியாது. ஆதரவு நின்ற இயங்குதளங்களில் ஓடியவற்றை 2019 ஜூன் மாதத்துக்குள் படிப்படியாக மாற்றிவிட வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018இல் உத்தரவிட்டது சரியான முடிவே.

அக்காவின் மடிக்கணினி

மூன்றாவது, முதலாண்டு மாணவர் ஒருவர் கொண்டுவந்தது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவருடைய அக்கா பெற்றது. வீட்டில் அது ஒன்றுதான். “சார், கடையில காட்டினேன். வேஸ்ட், தூக்கிப் போடுன்னு சொல்லிட்டாங்க” என்றார்.

விண்டோஸ் 7, இரண்டு ஜி.பி. நினைவகம். திறக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆனால் செயலி 64 பிட் வகை. இதைத்தான் முதலில் பார்த்தேன். ஏனெனில் லினக்ஸ் வகைகள் பலவும் 32 பிட் செயலிகளைக் கைவிட்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐ அத்தகைய பழைய கணிப்பொறிகளில் புதிதாக நிறுவ முடியாது. லினக்ஸுக்கும் காலாவதி உண்டு என்பதை மறக்க வேண்டாம். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு பொது ஆதரவு. அது முடிந்ததும் அடுத்த பதிப்புக்குச் செலவில்லாமல் மாறிக்கொள்ளலாம் என்பதுதான் வேறுபாடு.

முதலில் வீட்டுப் புகைப்படங்களை எல்லாம் வேறிடத்தில் பிரதி எடுக்கச் சொன்னேன். நானே பட்டவன் அல்லவா! பிறகு லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்த்தோம். வயர்லெஸ், ஒலி, தமிழ்த் தட்டச்சு எல்லாம் வேலை செய்தன. இப்படி ஒத்திகை பார்க்காமல் யாரும் நிறுவக்கூடாது என்பேன். நினைவகத்தைக் கூட்டி, சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டுத் திடநிலைத் தட்டைப் போட்டார். அவர் செலவழித்தது புதியதன் விலையில் சிறு பகுதிதான். அக்கா வங்கித் தேர்வுக்கு அதில்தான் படிக்கிறாராம். அவருக்குப் பழக்கமான ஒரு மென்பொருள் மட்டும் ஓடவில்லை. அது குறித்துத் தம்பிக்கு இன்னும் வசவு விழுகிறது.

உங்கள் வீட்டு விண்டோஸ் கணிப்பொறியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று அறிய, தேடும் கட்டத்தில் வின்வர் என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். கைப்பேசியும் ஒரு கணிப்பொறியே. அதன் அமைப்புகளில் கடைசியாகப் பாதுகாப்பு ஒட்டு வந்த தேதி இருக்கும். ஓராண்டுக்கும் முந்தைய தேதியாக இருந்தால், அந்தக் கைப்பேசியில் அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறாரா என்று கேளுங்கள்.

எங்கள் 2016ஆம் ஆண்டுக் கணிப்பொறியையும் தூக்கி எறியவில்லை. லினக்ஸ் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனோம். இரண்டு கம்பிகளின் மறுமுனையில், எக்ஸ்.பி. அனுப்பும் நிறமாலைகளை வாங்கி வைத்துக்கொள்வது அதுதான். அலுவலக உதவியாளர் புதிய கணிப்பொறியின் பக்கத்துச் சுவரில் நாள்காட்டி மாட்டி, மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். மறுநாள் காலை, தேநீர் வாங்கப் போகும் முன் ஒட்டு வந்திருக்கிறதா என்று பார்த்து, அதை ஓடவிட்டுப் போகிறார்.